காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வரா?

வாசகர் கேள்வி – 2 டிசம்பர் 2025

பாத்திரக் கடைக்குப் போனால் என் மாமியார் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. கடைக்காரரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் எது நல்லது? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

2 டிசம்பர், இரவு 9.50

பாதி சரி, பாதி கடைக்காரருக்குச் சாதகம்.

காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் நல்ல பெயர் எடுத்தது 304. குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் என்ற கணக்கு. நிக்கல் சேர்வதால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறி, காந்தத்துக்கு அது பிடிகொடுப்பதில்லை. ஒட்டுகிற ரகம் 430. அதில் குரோமியம் உண்டு, நிக்கல் அநேகமாக இல்லை. விலையும் குறைவு. இதுவரை மாமியார் சொல்வது சரி.

வில்லங்கம் 200 வரிசையில்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த ரகங்கள் இவை. 202, ஜே4 என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றிலும் காந்தம் ஒட்டாது! 304ஐ விடத் துரு தாங்கும் சக்தி குறைவு, ஆனால் காந்தச் சோதனையில் இரண்டும் ஒரே மாதிரி பாஸ். கடைக்காரர் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று இப்போது புரியும்.

பழைய இரும்புக் கடைக்காரர்கள் காந்தத்தோடு நிற்பதில்லை. உலோகத்தின் மேல் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, சின்ன பேட்டரியால் மின்சாரம் கொடுப்பார்கள். மாங்கனீசு அதிகம் இருந்தால் சொட்டு சிவக்கும். அந்தச் சொட்டுப் பாட்டிலோடு பாத்திரக் கடைக்குப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2 டிசம்பர், இரவு 10.35

ஒன்று விட்டுப்போனது. 304இலும் சில இடங்களில் காந்தம் லேசாக ஒட்டும். சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு நல்ல டம்ளரின் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். நடு உடம்பில் நூல் அசையாது. விளிம்பை மடித்து உருட்டியிருக்கும் இடத்தில் மெல்லச் சாயும். உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் வளைத்து நசுக்கும்போது உள்ளடுக்கு கொஞ்சம் மாறிவிடுவதால் வருவது இது. விளிம்பில் சாய்ந்தது என்பதற்காகக் கடையில் சண்டை போடாதீர்கள்.

3 டிசம்பர், காலை

காலையில் மறுபடி படித்தேன். 430ஐ ரொம்ப மட்டம்தட்டிய மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. தட்டு, மூடி, டப்பா இதற்கெல்லாம் போதும். உப்பும் புளியும் நாள்கணக்கில் தேங்கி நிற்கிற வேலைக்குத்தான் அது ஆகாது, புள்ளிப்புள்ளியாகக் குழி விழும். இண்டக்‌ஷன் அடுப்பு கேட்பதோ இந்த ‘மட்டமான’ ரகத்தைத்தான். அதனால் இண்டக்‌ஷனுக்கென்று விற்கும் நல்ல பாத்திரங்களில் உள்பக்கம் 304, அடியில் காந்தம் ஒட்டும் ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே அலுமினியம் என்று அடுக்கியிருப்பார்கள். காந்தத்தை அடியில் வைத்தால் டப்பென்று ஒட்ட வேண்டும், பக்கவாட்டில் ஒட்டக் கூடாது. மாமியாரிடம் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்.

3 டிசம்பர், இரவு

தங்கத்தையும் காந்தத்தால் சோதிக்கலாமா என்று ஒருவர். ஒட்டினால் அது தங்கம் இல்லை, அல்லது கொக்கிக்குள் இரும்பு ஸ்பிரிங் இருக்கிறது. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. செம்பு, வெள்ளி, பித்தளை, ஈயம் எதுவுமே ஒட்டாது. தங்கத்தில் கலப்படம் செய்கிறவர் இரும்பையா கலக்கப் போகிறார்?

நாணயத்தில் பார்த்தால் சுவாரசியம். இப்போதைய ஒரு ரூபாய் எவர்சில்வர் காசு ஒட்டும். பழைய கனமான இரண்டு ரூபாய், செம்பு 75 நிக்கல் 25 கலந்த குப்ரோநிக்கல், ஒட்டாது. ஹரித்துவாரில் பையன்கள் கயிற்றில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டிக் கங்கையில் விட்டுக் காசு எடுப்பது இந்த எவர்சில்வர் காசுகளை நம்பித்தான். பக்தர்கள் செப்புக்காசு போட்ட காலத்தில் இந்தத் தொழில் நடந்திருக்காது.

5 டிசம்பர்

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும். ‘ஃபேன் மெதுவாகச் சுத்துது, உள்ளே காந்தம் வீக் ஆயிடுச்சு, புது ஃபேன் வாங்குங்க’ என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவர் ஃபேன் பழைய சாதா ஃபேனாக இருந்தால் அதில் நிலைக்காந்தமே கிடையாது. வீக் ஆக என்ன இருக்கிறது? உள்ளே செம்புக் கம்பி வைண்டிங், வெளியே சுற்றுகிற ஓட்டில் இரும்புத் தகடுகளும் அலுமினியக் கம்பிகளும். மின்சாரம் போனால்தான் காந்தப்புலம் வரும். மெதுவாகச் சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது கண்டன்சர். சில வருடங்களில் அது தளர்ந்துவிடும். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சின்ன வேலை, சின்ன செலவு. கண்டன்சரும் சரியாக இருந்தால் பேரிங்.

நிலைக்காந்தம் இருப்பது இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன்களில். சுற்றுகிற ஓட்டின் உள்சுவரில் காந்தத் துண்டுகள் வளையமாக ஒட்டியிருக்கும், பெரும்பாலும் கறுப்பு ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்து சுட்ட காந்தக் கல். சாதா ஃபேன் 70, 75 வாட் எடுக்கிற இடத்தில் இது முழு வேகத்தில் 28 முதல் 35 வாட்டில் முடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இந்தக் காந்தம்தான். சாதா ஃபேனில் சுற்றுகிற பாகத்தையும் காந்தமாக்க மின்சாரம் செலவாகிறது, பாதி வெப்பமாகப் போகிறது. இதில் அந்தப் புலம் இலவசமாக எப்போதும் இருக்கிறது.

வீட்டில் மற்றவை: மிக்ஸியில் நிலைக்காந்தம் இல்லை, கரி தேய்கிற மோட்டார் அது. கிரைண்டரில் இல்லை. தண்ணீர் மோட்டாரில் இல்லை. பிள்ளைகளின் பொம்மைக் காரில் உண்டு. காரின் வைப்பர் மோட்டாரில் உண்டு. பைக்கில் உண்டு, மெக்கானிக் ‘மேக்னட்டைக் கழட்டப் புல்லர் வேணும்’ என்று சொல்வது அந்தச் சுழல் சக்கரத்தைத்தான். பழைய சைக்கிள் டைனமோவில் சுற்றியதும் காந்தம்தான், 6 வோல்ட் 3 வாட். டயரில் அது உரசத் தொடங்கியதும் பெடல் கனத்துப்போகும். மின்சாரம் சும்மா வராது என்பதைக் கால் வழியாகக் கற்றுக்கொடுத்த சாமான் அது.

6 டிசம்பர்

வீட்டுக் காந்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது யாருமே எழுதாத ஒன்று. ரைஸ் குக்கர்.

லீவரைக் கீழே தட்டிவிட்டு மறந்துவிடுகிற அந்தச் சாதாரண குக்கர், சோறு வெந்ததும் ‘டக்’ என்று தானே மேலே வருகிறதே, எப்படித் தெரிகிறது அதற்கு? டைமர் கிடையாது, சிப் கிடையாது. பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். சூடாகும் தட்டின் நடுவே காசு அளவில் ஒரு பொத்தான் இருக்கும், விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் தெரியும். அதற்குள் மேலே ஒரு ஃபெரைட் வில்லை, கீழே ஒரு நிலைக்காந்தம். லீவரைத் தட்டும்போது நீங்கள் உண்மையில் செய்வது காந்தத்தைத் தூக்கி அந்த வில்லையில் ஒட்டவைப்பது.

எந்தக் காந்தப் பொருளுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காந்தக் குணம் போய்விடும். கியூரி வெப்பநிலை என்பார்கள். இரும்புக்கு அது 770 டிகிரி. அந்த வில்லையை மட்டும் ஏறக்குறைய 103 டிகிரியில் குணம் போகும்படி கலந்து சுட்டிருப்பார்கள். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை அடி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுக்க இழுத்துக்கொண்டதும் சூடு விறுவிறுவென்று ஏறும். வில்லை காந்தத்தை விட்டுவிடும், ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். டக்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? லீவர் மேலே வந்த உடனே மறுபடி தட்டிப் பாருங்கள். நிற்காது. கொஞ்சம் ஆறவிட்டுத் தட்டினால் நிற்கும். வில்லை இன்னும் சூடாக இருப்பதுதான் காரணம். அப்புறம், அந்தப் பொத்தான் மேல் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தால் சூடு சரியாகப் போய்ச் சேராது, அடிபிடிக்கும். ‘குக்கர் ரிப்பேர்’ என்று தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அதைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள்.

6 டிசம்பர், இரவு

இல்லை, பாயசம் வைத்தால் தானாக நிற்காது. ஏன் என்று மேலே எழுதியதிலேயே இருக்கிறது. பொங்கி வழிந்ததற்கு என்னைக் கேட்காதீர்கள்.

9 டிசம்பர்

ஸ்பீக்கர் காந்தம் கீழே விழுந்து இரண்டாக உடைந்ததாம், ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினால் ஒட்டவில்லை, தள்ளிக்கொண்டு போகிறது, துண்டு கெட்டுவிட்டதா என்று கேள்வி.

கெடவில்லை, நன்றாக வேலை செய்கிறது, அதனால்தான் தள்ளுகிறது. வளையத்தின் மேல்முகம் முழுவதும் ஒரு துருவம், கீழ்முகம் முழுவதும் இன்னொரு துருவம். இரண்டு துண்டுகளையும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வடக்குக்குப் பக்கத்தில் வடக்கு. உடையும்வரை அந்தத் தள்ளலைக் கல்லின் உறுதி தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் ஆசையாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஸ்பீக்கருக்கு உதவாது. துணி காயவைக்கும் கம்பிக்கிளிப்பால் இறுக்கிப் பிடித்து எபாக்சி போடுங்கள்.

ஆற்று மணலில் கறுப்புத் துகள் எடுக்கக் காந்தத்தை அப்படியே மண்ணுக்குள் விட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் பாலித்தீன் பையில் சுற்றுங்கள். எடுத்த பிறகு பையை உரித்தால் துகள் மொத்தமாக உதிரும். சுற்றாமல் விட்டால் ஆயுளுக்கும் சுரண்ட வேண்டியதுதான். டீத்தூளில் இரும்புத்தூள் பார்ப்பவர்களுக்கும் இதே வழி. உணவுப் பாதுகாப்புத் துறை வீட்டில் செய்யச் சொல்லும் சோதனைகளில் அதுவும் ஒன்று. கொஞ்சம் ஒட்டினாலே கலப்படம் என்று குதிக்க வேண்டாம். இலையை நசுக்கும் உருளைகள் தேய்ந்து வருவதும் உண்டு, அதற்குத்தான் தொழிற்சாலைகளிலேயே காந்தம் வைத்து எடுக்கிறார்கள்.

10 டிசம்பர்

ஃபிரிட்ஜ் கதவு. கேட்டவருக்குச் சுருக்கமாக: கதவு ரப்பருக்குள் ஓடுகிற பட்டை, ஃபெரைட் பொடியைப் பிளாஸ்டிக்கில் குழைத்துச் செய்த காந்தம். பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காந்தம் போயிருக்காது, ரப்பர் கோணியிருக்கும். ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்த இடத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி, விரலால் நேராக்கிக் கதவை மூடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தக் காந்தத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. முன்பு ஃபிரிட்ஜ் கதவுகளுக்குக் கொக்கித் தாழ்ப்பாள். உள்ளே ஒளிந்து விளையாடிய குழந்தைகள் திறக்க முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். அமெரிக்கா 1956இல் சட்டமே போட்டது, உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று. காந்தப் பட்டை அதற்குச் சரியாகப் பொருந்தியது.

கதவில் ஒட்டும் விளம்பரத் தகடு இரண்டு இருந்தால் முதுகோடு முதுகு வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் தடதடவென்று தடுக்கும், குறுக்கே இழுத்தால் வழுக்கும். வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று கோடுகோடாகக் காந்தமேற்றியிருப்பதால் அப்படி. படம் இருக்கும் முகத்தில் காந்தம் அநேகமாக இல்லை, எல்லாம் முதுகுப் பக்கம்.

11 டிசம்பர்

சின்ன உருண்டைக் காந்தங்கள் பிள்ளைக்கு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வாங்காதீர்கள். இதில் வேடிக்கை இல்லை. ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடலாம். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும், நடுவே மாட்டிய குடல் சுவர் நசுங்கி ஓட்டை விழும். ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், பின்புறம் காந்தம் வைத்த போன்களைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

14 டிசம்பர்

காந்தக் காப்பு, காந்தப் படுக்கை. ‘ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, காந்தம் இழுத்தால் ஓட்டம் கூடுமே’ என்கிறார் ஒருவர். ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை, ஆணி மாதிரி இல்லை. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936லேயே அளந்து காட்டிவிட்டார்கள்: ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைக் காந்தம் லேசாக விலக்கவே செய்யும். ரத்தத்தைக் காந்தம் இழுக்குமென்றால் எம்ஆர்ஐ அறைக்குள் போன யாரும் உயிரோடு திரும்ப முடியாது. அந்தப் புலம் 1.5 டெஸ்லா, காப்பில் இருப்பதெல்லாம் தோலுக்கு அடியில் போவதற்குள் தேய்ந்துவிடும்.

உறவினர் ஒருவர் நல்ல விலை கொடுத்து அப்படி ஒரு படுக்கை வாங்கினார். நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார். பஞ்சு நல்ல பஞ்சு.

15 டிசம்பர்

திசைகாட்டி ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று கேட்டவருக்கு: லேப்டாப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும், மூடி மூடியிருக்கிறதா என்று அறியவே அதற்குள் காந்தம் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பூமியின் காந்தப்புலம் லண்டனில் 66 டிகிரி அளவுக்குத் தரையை நோக்கிக் குத்துகிறது. நம் தென்கோடியில் கிட்டத்தட்ட படுக்கை வசம், காந்த நடுக்கோடு இந்த வழியாகப் போகிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். வெளிநாட்டுக்கென்று எடைபோட்டுச் செய்த காந்த ஊசி இங்கே ஒரு பக்கமாக இழுத்தால் ஊசியைத் திட்டாதீர்கள்.

19 டிசம்பர்

‘சைனா காந்தம் கொடுக்கலைன்னா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடாதா? நம்ம ஊர்ல மண்ணு இல்லையா?’ மண் இருக்கிறது ஐயா, கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

1909இல் ஜெர்மானியர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைப் பார்த்தார். தோரியமும் நியோடிமியம் போன்ற அரிய உலோகங்களும் உள்ள கனிமம் அது. அதைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்துசேர்ந்தார். அப்போது அவர்களுக்கு வேண்டியது தோரியம், பெட்ரோமாக்ஸ் மேண்டில் செய்ய. கூடவே இருந்த நியோடிமியத்தை யாரும் சீந்தவில்லை. 1983இல்தான் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக, நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை வெளியே சொன்னார்கள். ஃபெரைட்டைப் போலப் பத்து மடங்கு வலு.

மணல் இன்றைக்கும் மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமான ஐஆர்இஎல் கையில் இருக்கிறது. மணலிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்ற நடுப்பகுதிதான் நம்மிடம் மெலிவு. சூடு தாங்க நியோடிமியக் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சாதா ரகம் 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். நம் மோனசைட்டில் அவை மிகக் கொஞ்சம். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது இந்த இரண்டும் உள்ள ஏழு தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும்தான். நியோடிமியம் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் மோட்டார் காந்தத்தில் எல்லாம் கலந்தல்லவா இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வருடத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய. பார்க்கலாம்.

21 டிசம்பர்

மின் மீட்டர் மேல் காந்தம் வைத்தால் யூனிட் குறையுமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவில் பதில்.

பழைய சக்கர மீட்டருக்குள்ளேயே ஒரு நிலைக்காந்தம் உண்டு, அலுமினியச் சக்கரம் தறிகெட்டு ஓடாமல் பிரேக் பிடிக்க. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் காந்தத்தின் நடுவே ஓடும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் வந்து இழுத்துப் பிடிக்கும். வெளியே இன்னொரு காந்தம் வைக்கும் யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. இப்போதிருக்கும் எலக்ட்ரானிக் மீட்டரில் சக்கரமே இல்லை. காந்தம் கொண்டுவந்தால் எந்த நாள், எத்தனை மணி என்று பதிவு செய்துகொள்ளும். சில மீட்டர்கள் அந்த நேரம் முழுவதும் உச்சபட்ச அளவில் ஓட்டிக் கணக்கெழுதும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135, மூன்று வருடம் வரை உள்ளே. காந்தம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கொசுவலைக் கதவுக்கு வைத்துத் தையுங்கள்.